பாசறை காக்கும் பெருமகனார்

மனிதர்களில் பாசறை காப்போர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயிலில் ஏறியதும் பெட்டியைச் சங்கிலியால் இருக்கைக் காலோடு கட்டிப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, ஊர் வந்து சேரும்வரை வெளியே ஒரு மலையையும் ஒரு ஆற்றையும் ஏறிட்டுப் பார்க்காமல் பூட்டையே பார்த்துக்கொண்டு வருகிறாரே, அவர்தான். விருந்துக்குப் போன இடத்தில் செருப்பு தொலைந்துவிடக் கூடாது என்று ஒன்றை வாசலிலும் மற்றதை மாடிப்படிக்குக் கீழேயும் விட்டுவிட்டு, சாப்பாட்டின்போது இரண்டையும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறாரே, அவரேதான். இவருக்கு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. இருப்பது போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

இந்த ரகத்தில் கலப்படமில்லாத ஒரு மாதிரி இங்கிலாந்தில், மார்க்கெட் ஹோல்பி என்ற சிற்றூரில் வசிக்கிறார். பெயர் லயனல் பேட்டர்ஸ்பி. வயது அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊரில் உள்ள அத்தனை மாமிசக் கடைத் தராசுகளையும் நடுங்க வைத்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் ரோஜாச் செடி வளர்ப்பார்கள். லயனல் விதிகளை வளர்த்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு அந்த ஊர் தேவாலய மண்டபத்தில் இருபது இருபத்திரண்டு பேர் கூடுவார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். மேசைமேல் பச்சைத் துணி விரித்து, கட்டை விரல் உயரமுள்ள ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய போர்களைப் பகடை உருட்டி மறுபடியும் நடத்துவார்கள். சிப்பாய்களை நாலைந்து பேராகச் சிறு அட்டைகளில் ஒட்டியிருக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு அட்டை. படைக்குப் பின்னால், மேசை ஓரத்தில், அவரவர் பாசறை: இரண்டு மூன்று கூடாரம், மூட்டை முடிச்சு, ஒரு மாட்டு வண்டி. பாசறைக்குள் சமையல்காரர், துணி துவைப்பவர், குதிரைக்குப் புல் வைப்பவர் என்று ஓர் அட்டை நிறையச் சாதாரண ஜனங்கள். எதிரி வந்து பாசறையைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. படைத் தளபதி எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் சாயங்காலம் கஞ்சி காய்ச்ச அண்டா இல்லையென்றால் தோற்றவன்தானே?

பாசறையைக் காப்பது பற்றி ஆட்டப் புத்தகத்தில் பன்னிரண்டு வரி இருக்கிறது. பன்னிரண்டே வரி. லயனலுக்கு அது திறந்து போட்ட வீடு மாதிரி தெரிந்தது. மன்றத்துக்கென்று அவர் எழுதிச் சேர்த்த துணை விதிகள் இப்போது ஒன்பது பக்கம். முதல் விதி பாசறையின் நீள அகலம். நான்காம் விதி, அந்த நீள அகலத்தைக் கூடாரத்தின் அடியில் அளப்பதா, கயிறு கட்டிய முளையிலிருந்து அளப்பதா என்பது. ஏழாம் விதி, பாசறையில் நிற்கும் கழுதை ஆள் கணக்கா சாமான் கணக்கா என்பது. பதினோராம் விதி, ஏழாம் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்களுக்காக. இத்தனையும் ஆண்டுக் கூட்டத்தில் கையைத் தூக்கி நிறைவேற்றப்பட்டவை. எப்படி நிறைவேறின என்கிறீர்களா? லயனல் படிக்க ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் எல்லாருக்கும் பசிக்க ஆரம்பிக்கும். கையைத் தூக்கினால்தான் சாண்ட்விச் தட்டு உள்ளே வரும்.

ஆட்டத்தில் லயனலின் வழி தனி வழி. பன்னிரண்டு ரோமானிய அட்டைகளில் ஐந்தைப் பாசறைக்குக் காவல் வைத்துவிடுவார். மிச்சம் ஏழு பேர் எதிரியைப் பார்த்தபடி நிற்பார்கள். நிற்பார்கள், அவ்வளவுதான். எதிராளி ஓர் அட்டையை நகர்த்தினால் லயனல் சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன சந்தேகம்" என்பார். மேசையே அமைதியாகிவிடும். பகடை பச்சைத் துணியின் மடிப்பில் சாய்ந்து விழுந்தால் சந்தேகம். எதிராளியின் குதிரை வாலின் நுனி தன் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம். பதினொரு மணித் தேநீர் ஆறிப்போகும், பிஸ்கட் நமுத்துப்போகும், சந்தேகம் மட்டும் சூடாக இருக்கும். நாலு மணிக்கு உடற்பயிற்சி வகுப்புப் பெண்கள் சுருட்டிய பாய்களோடு வந்து மண்டபத்தை எடுத்துக்கொள்வார்கள். முடியாத ஆட்டம் டிரா. பதினோரு வருடமாக லயனல் பேட்டர்ஸ்பியின் பாசறையை ஒருவரும் பிடித்ததில்லை. வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம். இந்தக் கணக்கை அவர் பெருமையாகச் சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்து வாசலுக்கு உள்ளே சுவரில் ஆணி அடித்த ஒரு பலகை இருக்கிறது. மன்றத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு மரச்சில்லு. வருகிறவர்கள் தங்கள் சில்லை, யாரோடு ஆட விருப்பமோ அவர் சில்லுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை, யாரும் யாரையும் வேண்டாம் என்பதுமில்லை. மாட்டுவார்கள், அல்லது மாட்டமாட்டார்கள். எவ்வளவு நாகரிகமான கொலை பார்த்தீர்களா? பத்தரை மணிக்கு எவருடைய சில்லு தனியாகத் தொங்குகிறதோ அவர் அன்றைக்கு எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும்.

லயனல் பக்கத்தில் மாட்ட ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். டெரிக் பூல். குழாய் ரிப்பேர் செய்து ஓய்ந்தவர், இருபத்தாறு வருடச் சிநேகிதர். அந்த டெரிக்கும் இடுப்பு எலும்பை மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆறு ஞாயிற்றுக்கிழமை லயனலின் சில்லு தனியாகத் தொங்கியது. ஆறு ஞாயிற்றுக்கிழமை லயனல் தேநீர் போட்டார். நான்கு நிமிடம், ஒரு வினாடி கூடாமல் குறையாமல். வீட்டில் மனைவி ஹெஸ்டர், "யார் ஜெயிச்சா?" என்று கேட்டால், "டிரா" என்றார். அவருக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவரால் ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை டெரிக் கைத்தடியோடு உள்ளே வந்தார். லயனல் பலகைக்குக் கீழேயே, பாசறைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வந்துட்டியா! இடுப்பு எப்படி இருக்கு?"

"புதுசு. ஒடம்புல அது ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது." டெரிக் தன் சில்லைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை. "லயனல், நான் சொல்றதக் கேளு. ஆஸ்பத்திரில மல்லாக்கப் படுத்துக்கிட்டு நெறைய யோசிச்சேன்."

"எதப் பத்தி?"

"உன்னப் பத்தித்தான்யா, எனக்கு வேற பொழப்பு? பதினோரு வருஷத்துல நம்ம ஆட்டம் ஒண்ணாவது முடிஞ்சிருக்கா? நான் ஜெயிக்கணும், இல்ல தோக்கணும். ரெண்டுல ஒண்ணு நான் சாகறதுக்குள்ள நடக்கணும்."

"டிராவும் ஒரு முடிவுதானே. புத்தகத்துல முப்பத்தெட்டாம் பக்கத்துல..."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள முடியணும். முடியலையா, அடுத்த வாரத்துலேர்ந்து என் சில்லு பெவர்லி பக்கத்துல தொங்கும். கோபமா சொல்லல. களைச்சுப் போச்சு எனக்கு."

சொல்லிவிட்டுச் சில்லை மாட்டினார். லயனல் சில்லின் பக்கத்தில்தான். ஆனால் கையை எடுக்க ஒரு கணம் தாமதித்தார், அதை லயனல் பார்த்துவிட்டார்.

பெவர்லி யார் என்று சொல்லிவிடுகிறேன். பெவர்லி ஷாராக், பேருந்து ஓட்டும் பெண்மணி. மூன்று வருடத்துக்கு முன் மன்றத்தில் சேர்ந்த புதிதில், தான் செய்த பாசறையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பேருந்தில் ஏறி வந்தார். அன்றைக்கு வண்டி ஓட்டியது வேறு யாரோ. அவன் வளைவுகளில் ஒடித்த ஒடியில் சமையல்காரர்கள் அட்டையோடு உருண்டு, ஒருத்திக்குக் கை போய்விட்டது. மறுவாரம் பெவர்லி அந்த அட்டையைப் பாசறைத் தரையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். எதிரில் லயனல். ஒரு சின்ன சந்தேகம். அந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான் பதினான்காம் விதி: பாசறையைக் காக்கும் ஆட்களின் அட்டை தனியே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; தரையோடு ஒட்டப்பட்ட ஆட்கள் மரம், பாறை, அண்டா ஆகியவற்றுக்குச் சமம்; அப்படிப்பட்ட பாசறை காவலற்ற பாசறை, பகடை உருட்டாமலே பிடிபடும். அதன்பின் பெவர்லி தன் சில்லை லயனல் பக்கம் கொண்டுபோனதே இல்லை. அவர் மட்டுமா? மன்றத்தில் பாதிப் பேருக்கு லயனல் ஜெயிப்பதற்காகவே விதி எழுதும் ஏமாற்றுக்காரர் என்று ஒரு எண்ணம். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவர் மேல் இப்படி ஒரு பழி.

ஆட்டம் தொடங்கியது. டெரிக்குடையது வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைக்காரர்கள். சேணம் கிடையாது, கவசம் கிடையாது, ஓரிடத்தில் நிற்கிற பழக்கமும் கிடையாது. லயனல் வழக்கம்போல் ஐந்து அட்டைகளைப் பாசறையைச் சுற்றி நிறுத்தினார். புதிய பாசறை. இந்த ஆறு வாரத்தில் செய்தது. மூன்று தோல் கூடாரம், தூங்குகிற நாய், அண்டாவைக் கிளறும் ஒரு குண்டுப் பெண்மணி, அவளைச் சுற்றி உதவியாட்கள். அண்டாவிலிருந்து பஞ்சில் செய்த ஆவிகூட வந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டு வேகமாகத் தங்கள் மேசைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம் இரண்டு சுற்றுதான் நகர்ந்திருந்தது. டெரிக் சாண்ட்விச்சை மென்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பெவர்லியின் மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு ஆட்டம் முடிந்து, சிரிப்பும் சத்தமுமாக அடுத்தது தொடங்கிக்கொண்டிருந்தது.

லயனல் முட்டை சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டார். டெரிக் போய்விட்டால் அப்புறம் யார்? ஒவ்வொரு ஞாயிறும் கெட்டில், நான்கு நிமிடம், இருபத்திரண்டு கோப்பை. மேசைக்குத் திரும்பினார். ஸ்கேலை எடுத்தார். பார்த்தார். மறுபடி சட்டைப் பையில் வைத்தார். பிறகு காவலுக்கு நின்ற ஐந்து அட்டைகளில் ஒன்றை இரு விரலால் பிடித்து மெல்ல முன்னே நகர்த்தினார்.

டெரிக் மெல்லுவதை நிறுத்தினார். "என்னய்யா பண்றே?"

"சண்டைக்கு அனுப்பறேன்."

"யாரை?"

"காவல்காரங்களை."

"ஒடம்பு சரியில்லையா ஒனக்கு?"

மூன்று மணிக்குள் ஐந்தும் முன்னே போய்விட்டன. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது லயனல் பாசறையைத் திரும்பிப் பார்த்தார். வீட்டைப் பூட்டினோமா என்ற நினைப்போடு பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம். ஆனால் ஆட்டம் என்னவோ ஓடியது! ரோமானியர்கள் முன்னேறினார்கள், நுமிடியர்கள் சிதறினார்கள், பகடைகள் கடகடவென்று உருண்டன. ஒரு பகடை துணி மடிப்பில் சாய்ந்தே நின்றது. லயனல் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். டெரிக்குக்கு முகம் சிவந்து வியர்த்தது. கைத்தடி எங்கோ கீழே கிடந்தது. மற்ற மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். பெவர்லியும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மூன்றே முக்காலுக்கு, டெரிக்கின் குதிரைக்காரர்கள் ஓர் அட்டை மேசை ஓரமாகச் சுற்றி வந்து, காவலே இல்லாத லயனலின் பாசறை வாசலில் நின்றது. உள்ளே இருந்தது அண்டா கிளறும் பெண்மணியும் உதவியாட்களும் மட்டும்.

"உருட்டுய்யா" என்றார் டெரிக்.

டெரிக்குக்கு இரண்டு விழுந்தது. லயனலுக்கு ஐந்து. குண்டுப் பெண்மணி கரண்டியால் அடித்துக் குதிரைப்படையை விரட்டிவிட்டாள். மேசையைச் சுற்றி ஒரே கைதட்டல். டெரிக்கே சிரித்துவிட்டார். "சரி, தப்பிச்சிட்டே! இரு, அடுத்த சுத்துல வரேன். நகத்து."

விரட்டியடித்த ஆட்களின் அட்டையைப் பாசறை வாசலுக்கு நகர்த்தி வைப்பது வழக்கம். லயனல் குனிந்து அட்டையைப் பிடித்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பாசறையே சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது, தூங்குகிற நாய், ஆவி, எல்லாம்.

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, தேநீர்க் கோப்பைகளைக் கழுவி முடித்து, மண்டபத்து மூலையில் தனியாக உட்கார்ந்து இந்தப் பாசறையைச் செய்துகொண்டிருந்தார். சமையல் அட்டை நழுவிக்கொண்டே இருந்தது. ஒட்டிவிடலாமா என்று தோன்றியது. ஒட்டினால்தான் என்ன, வந்து பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு சொட்டுப் பசை வைத்து அழுத்திவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், யாருக்குத் தெரியும் இது? ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது பக்கத்தைக் கடைசிவரை படித்தவர் உலகத்தில் ஒருவர்தான். பெவர்லிக்கு விதி தெரியும், ஆனால் அட்டை ஒட்டியிருப்பது அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பேசாமல் பாசறையைக் கீழே வைத்துவிட்டு, "உன் முறை" என்று சொன்னால் போதும். நாம் எல்லாரும் அதைத்தான் செய்திருப்போம். லயனலும் ஒரு கணம் அதை நினைத்தார். வாயைக்கூடத் திறந்தார். ஆனால் முப்பத்தோரு வருடம் தராசுகளைச் சோதித்தவர் வாயிலிருந்து வேறு எது வரும்?

"தப்பா எடுத்துக்காதே டெரிக். ஒரு சின்ன சந்தேகம்."

கூட்டம் முனகியது. டெரிக் கண்ணை மூடிக்கொண்டார். "வேணாம் லயனல். நல்லாப் போயிட்டிருக்கு. கெடுத்துடாதே."

"என் சமையல்காரங்க ஒட்டியிருக்காங்க."

"எதோட?"

"தரையோட. பதினாலாம் விதிப்படி அவங்க ஆட்களே இல்ல. அண்டாவுக்குச் சமம். என் கேம்ப் காவலில்லாத கேம்ப். பகடையே உருட்டியிருக்கக் கூடாது. நீ பிடிச்சுட்டே. நான் தோத்துட்டேன்."

 டெரிக் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். நாலைந்து நுமிடியர்கள் விழுந்தார்கள்.

"தோத்துட்டியா? யோவ், உனக்கு அஞ்சு விழுந்துது! எனக்கு ரெண்டு! அந்தக் குண்டம்மா என்னை அடிச்சு விரட்டிட்டா, இத்தனை பேர் பாத்தாங்க!"

"அவ விரட்ட முடியாது. அவ ஒரு அண்டா."

"அண்டா இல்லய்யா, அவ அண்டாவைக் கிளறுறவ!"

"ஒட்டாம இருந்தா கிளறுறவ. ஒட்டினா அண்டா. விதி தெளிவா இருக்கு."

"எனக்கு இந்த வெற்றி வேணாம்! பசையால வந்த வெற்றியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நீ தோக்கல, ஆட்டம் நடக்குது, நகத்து!"

"நகத்த முடியாது. ஒட்டியிருக்கு."

இப்படி ஒரு சண்டையை அந்த மண்டபம் கண்டதில்லை. நீதான் ஜெயித்தாய் என்று இவர், இல்லை நீதான் ஜெயித்தாய் என்று அவர். ஒன்பது பக்கமும் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. டெரிக் முதல் தடவையாக அதை வாங்கிப் படித்து, ஏழாம் விதியில் கழுதைக்கு ஒரு விலக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, கழுதைக்கு உண்டென்றால் சமையல்காரிக்கு ஏன் இல்லை என்று முழங்கினார். லயனல் அதற்குப் பதினோராம் விதியைக் காட்டினார். மணி மூன்று ஐம்பத்தைந்து. கதவு திறந்து, சுருட்டிய ஊதாப் பாயோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார்.

அந்தக் கேள்விதான் லயனலை உலுக்கியது. முடியவில்லை. இந்த ஆட்டமும் முடியவில்லை. அவர் ஒன்பது பக்கத்தையும் மூடி வைத்தார்.

"டெரிக்," என்றார். குரல் மாறியிருந்தது. "நாலு மணிக்குள்ள முடியணும்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என்னைத் தோற்கடிய்யா. தயவுசெஞ்சு. விதி எழுதினவன் நான். எனக்கு மட்டும் அது இல்லேன்னு சொல்லிக்கிட்டு என்னால அடுத்த சுத்து ஆட முடியாது. ஆனா நீ போயிடாதே. தோத்தா பரவாயில்ல. தனியா தேத்தண்ணி போட்டுப் போட்டு..." 

டெரிக் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பெவர்லி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. இந்த விதியால அடிபட்டவ நீதானே."

பெவர்லி குனிந்து, லயனலின் பாசறையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பசை நன்றாகவே பிடித்திருந்தது.

"மூணு வருஷமா உங்களை ஒரு ஃப்ராடுன்னு நெனச்சிட்டிருந்தேன் லயனல்," என்றார். "அப்படி இல்ல. உங்களுக்கு நெஜமாவே மறை கழண்டிருக்கு." பாசறையைக் கீழே வைத்தார். "டெரிக், சீக்கிரம் பிடிச்சுத் தொலைங்க. பாய்க்காரங்க வந்துட்டாங்க."

டெரிக் பெருமூச்சு விட்டார். விழுந்து கிடந்த குதிரைக்காரர்களை நிமிர்த்தி, அந்த அட்டையைத் தூக்கிக் கூடாரங்களுக்கு நடுவே, தூங்குகிற நாயின் பக்கத்தில் வைத்தார். "பிடிச்சாச்சு" என்றார். லயனல் கையை நீட்டினார். குலுக்கிக்கொண்டார்கள். மணி மூன்று ஐம்பத்தொன்பது. அதை லயனல் இரண்டு கடிகாரங்களில் சரிபார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஹெஸ்டர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "யார் ஜெயிச்சா?" என்றார்.

"டெரிக்."

ஹெஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னிக்கு நெஜமாவே ஆடினியா?"

"போன வாரமும்..."

"சும்மா இரு லயனல். ஆடிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் எவன் எங்க ஒரு அங்குலம் தள்ளி வெச்சான்னு ரெண்டு மணி நேரம் என் காதைத் தின்னுவே. ஆறு வாரமா வீடு அமைதியா இருந்துது. எனக்கு பயமாயிடுச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, சொல்லு. யார் எங்க தள்ளி வெச்சது?"

லயனல் இரண்டே கால் மணி நேரம் சொன்னார். ஹெஸ்டர் நடுவில் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றி, இறக்கி, சாப்பிட்டும் முடித்துவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

அடுத்த ஞாயிறு பலகையில் லயனலின் சில்லுக்கு இந்தப் பக்கம் டெரிக், அந்தப் பக்கம் பெவர்லி. லயனல் நெடுநேரம் அதைப் பார்த்தபடி நின்றார். "ஒரு ஆளுக்கு ரெண்டு பக்கமும் மாட்டறதுக்கு நம்ம மன்றத்து விதியில..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணைக் கழட்டிடவா?" என்றார் பெவர்லி.

லயனல் ஸ்கேல் வைத்திருந்த பையைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். "வேணாம். இருக்கட்டும்" என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பத்தாம் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பசையின் வகைகள் பற்றி. அது அவர் பாடு, மன்றத்தின் பாடு. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். அண்டா கிளறுகிறவளா, அண்டாவா என்று மேசையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது நீங்கள் சும்மா இருந்தீர்களா? ஒட்டிய ஆள் எப்படிச் சண்டை போடுவாள், விதி என்றால் விதிதானே என்று தலையை ஆட்டினீர்களா? இல்லை, அதைவிட மோசமாக, பகடை விழுந்த பிறகு கிளப்பிய ஆட்சேபம் செல்லாது, ஐந்து ஐந்துதான், லயனலே சட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மனதுக்குள் ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டு, அதை யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருடத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், வேலை இருக்கிறது என்று சொல்லி ஒவ்வொருவராக எழுந்து போனார்களே, அவர்களில் ஒருவருக்கும் வேறு வேலை இருக்கவில்லை.